தகப்பன் பெயர் இல்லாத கல்வெட்டு

2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 17ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நான்கு நாள்களாக ஓயாத தெற்குக் காற்று. காலை பத்து மணி அளவில் கால் மணி நேரம் மழை பெய்தது. அம்மழையில் ஆப்பிரிக்கப் பாலைவனத்துப் புழுதி கலந்திருந்தமையால், கிரேக்கத் தீவு ஒன்றிலுள்ள எங்கள் ஊரான பெத்ரோவூனியின் வெள்ளைச் சுவர்கள் அனைத்திலும் செந்நிறக் கோடுகள் வழிந்தன. ஈஸ்டருக்கு இரண்டே வாரங்கள் இருந்தன. வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்திருந்த பெண்கள், தேவாலயத்திலிருந்து திரும்பும் வழியெங்கும் வானத்தைத் திட்டிக்கொண்டு வந்தனர்.

பதினொரு மணிக்கு ஸ்தமாத்திஸ் வெர்கிஸ் படகிலிருந்து இறங்கினார். வயது எழுபத்தெட்டு. தொழில், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தல். எதிர்த் தீவிலுள்ள மடாலயத்துக்கு வெள்ளையடிக்கச் சென்றவர், காற்றினால் படகு நின்றுபோய், பன்னிரண்டு நாள்களுக்குப் பிறகு ஊர் திரும்பினார். தோளில் வாளி, கையில் நாணற்கழியில் கட்டிய பிரஷ், தலையில் செய்தித்தாளில் மடித்த தொப்பி. தம் தெருவின் திருப்பத்தில் ஏறியபோது, தம் வீட்டு வாசலில் கூட்டம் நிற்பதைக் கண்டார். பாதிரியார் நின்றார். கறுப்புக் கோட்டுடன் மேயர் நின்றார். காபிக்கடை லெஃப்தெரிஸைப் பார்த்து, தணிந்த குரலில் கேட்டார்.

"யாருடா செத்தது?"

"யாரும் சாகல. நீதான் பொறந்திருக்கே," என்றார் லெஃப்தெரிஸ்.

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அச்சிரிப்பை எண்ணி இன்றளவும் என்மீதே எனக்குக் கோபம் உண்டு.

வாசலின் வலப்புறத்தில், அவர் தம் கையால் நாற்பது ஆண்டுகள் வெள்ளையடித்த சுவரில் நான்கு துளைகள் இட்டு, ஒரு சலவைக்கல் பலகை பொருத்தப்பட்டிருந்தது. வீட்டுக்காரரை ஒருவரும் கேட்கவில்லை. மேயர் பாண்டெலிஸ் கரவாஸ் கொடித்துணியை விலக்கினார். பலகையில் இவ்வாறு செதுக்கப்பட்டிருந்தது: "ஸ்தமாத்திஸ் வெர்கிஸ் இந்த வீட்டில் 1938 மார்ச் 9 அன்று பிறந்தார்."

இந்த இடத்தில் வாசகர் குழம்பலாகாது. ஸ்தமாத்திஸ் வெர்கிஸ் என்ற பெயரில் எங்கள் ஊரில் மூவர் இருந்தனர். முதலாமவர் தாத்தா. அவருக்கு நிகித்தாஸ், ஆர்கிரிஸ் என இரு மகன்கள். எங்கள் வழக்கப்படி மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயரைத்தான் இடுவர். ஆகவே நிகித்தாஸின் மூத்த மகனும் ஸ்தமாத்திஸ். ஆர்கிரிஸின் மூத்த மகனும் ஸ்தமாத்திஸ். இருவரும் ஒரே நாளில் பிறந்தவர்கள். நிகித்தாஸின் மகன் பன்னிரண்டு வயதில் தாயோடு ஊரைவிட்டுப் போய், உலகம் அறிந்த ஓவியராகி, 2009இல் வெளிநாட்டில் இறந்தார். அவரை இக்கட்டுரையில் ஓவியர் என்றே குறிப்பிடுவேன். ஆர்கிரிஸின் மகன் ஊரிலேயே தங்கிச் சுண்ணாம்பு அடித்தார். ஸ்தமாத்திஸ் என்று நான் எழுதுமிடமெல்லாம் இவரையே குறிக்கும்.

இத்தகைய குழப்பம் எங்களுக்குப் புதிதன்று. ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரே பெயருடைய பங்காளிகள் மூவர் நால்வர் இருப்பர். அதனாலேயே நாங்கள் பெயரோடு தகப்பன் பெயரை ஆறாம் வேற்றுமையில் சேர்த்து எழுதுகிறோம்: நிகித்தாஸின் ஸ்தமாத்திஸ், ஆர்கிரிஸின் ஸ்தமாத்திஸ். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் இலக்கணம் கற்பித்தவன் என்ற முறையில் கூறுகிறேன்: எங்கள் மொழியில் வேற்றுமை உருபு அழகுக்காக வைத்ததன்று. அது இல்லாவிடில் அஞ்சல் சேராது, கல்லறை மாறிப்போகும்.

கல்லில் அது இல்லை. ஏன் இல்லை என்பதையும் கூறிவிடுகிறேன். முதல் வரைவில் 'ஓவியர்' என்ற சொல்லும் தந்தையின் பெயரும் இருந்தன. ஏதென்சிலிருந்து வந்த கலைப் பேராசிரியர் இரண்டையும் நீக்கினார். உலகமே அறிந்தவருக்கு அடைமொழியும் தகப்பன் பெயரும் எதற்கு என்பது அவர் கருத்து. மேயர் என் பழைய மாணவர். திருத்திய வரைவை என்னிடம் கொண்டுவந்து, பிழை பார்க்கச் சொன்னார். நான் ஓர் எழுத்தின்மேல் இடம் மாறியிருந்த அழுத்தக்குறியைச் சரிசெய்து, கீழே கையொப்பமிட்டேன். அவ்வளவு பெரிய பிழையை விட்டுவிட்டு அவ்வளவு சிறிய பிழையைப் பிடித்தேன்.

ஸ்தமாத்திஸ் பலகையை இருமுறை வாசித்தார். பிறகு வாளியைக் கீழே வைத்தார்.

"இதைக் கழட்டுங்க," என்றார்.

மேயர் புன்னகையோடு அவர் தோளில் கை வைத்தார். "மாமா, உங்க வீட்டுக்கே பெருமை இது. கப்பல்லேர்ந்து இறங்குறவன் எல்லாம் இனிமே உங்க வாசல்லதான் வந்து நிப்பான்."

"அவன் இங்க பொறக்கல, பாண்டெலிஸ்."

அப்போது பேராசிரியர் முன்வந்தார். ஓவியர் வரைந்த படங்களுள் நாற்பத்தொன்றில் ஒரே நீலக் கதவு காணப்படுகிறது என்றும், மேல்மூலையில் பிளவுபட்ட பலகை, மீன் வடிவத் தாழ்ப்பாள் ஆகிய அடையாளங்களைக் கொண்டு அது இவ்வீட்டுக் கதவே என்று தாம் நிறுவியிருப்பதாகவும், மனிதன் தன் பிறந்த வீட்டை மறப்பதில்லை என்றும் விளக்கினார். கூட்டம் கதவைப் பார்த்துத் தலையசைத்தது. தாழ்ப்பாள் மீன் வடிவில்தான் இருந்தது.

"நாப்பத்தோரு படத்துல ஒண்ணுலயாவது கதவு திறந்திருக்கா?" என்று ஸ்தமாத்திஸ் கேட்டார்.

இல்லை, எல்லாப் படங்களிலும் மூடியே இருக்கிறது, அதுவே அவர் கலையின் புதிர், அதைப்பற்றித் தம் நூலில் ஓர் அதிகாரமே எழுதியிருப்பதாகப் பேராசிரியர் மகிழ்ச்சியுடன் விடையளித்தார். ஸ்தமாத்திஸ் அவரை ஒருகணம் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒருவர் கைதட்டினார், வாத்தியக் குழு வாசித்தது.

அன்று மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே அனைத்தையும் கூறினார். ஐம்பது ஆண்டுகள் பழகியவரிடமிருந்து நான் அதுவரை கேட்டிராத செய்தி.

நிகித்தாஸ் மணந்த எவான்தியா, கடலுக்கு அப்பால் துருக்கியிலிருந்து 1922இல் அகதிகளாக வந்தவர்களின் மகள். கரையோரக் குடிசைகளில் இருந்த அவர்களை எங்கள் ஊரார் 'துருக்கி வித்து' என்று இகழ்ந்தனர். நம் மொழி பேசி, நம் தேவாலயத்தில் மெழுகுத்திரி ஏற்றியவர்களை நாம் அப்படித்தான் அழைத்தோம். அவள் தம் வாசற்படியை மிதிக்கக்கூடாது என்று தாத்தா சத்தியம் செய்திருந்தார். 1938 மார்ச் 9, நாற்பது தியாகிகளின் திருநாள். காலையில் மழை. நிகித்தாஸ் கப்பலில் கரி தள்ளும் வேலையில் எங்கோ தொலைவில் இருந்தார். ஊருக்கு ஒரே மருத்துவச்சி ஃப்ரோசோ. அவர் விடியலிலிருந்தே தாத்தாவின் வீட்டில் இருந்தார். ஆர்கிரிஸின் மனைவி மரூசோவுக்கு வலி கண்டிருந்தது.

எவான்தியாவுக்கும் அதே காலையில் வலி எடுத்தது. அவள் தனியாகத் தெருவேறி வந்து அந்த நீலக் கதவைத் தட்டினாள். தாத்தா ஒரு நாற்காலியைத் தூக்கிக் கதவில் முட்டுக்கொடுத்து, அதன்மேல் அமர்ந்துகொண்டார். திறக்கும்படி ஃப்ரோசோ கத்தினார். ஆனால் மரூசோவின் குழந்தைக்குத் தலை தெரியத் தொடங்கியிருந்தது. கையை எடுக்க முடியவில்லை. படுக்கையில் கிடந்த மரூசோ, வலிக்கிடையே, தட்டுவதை எண்ணினார். பத்தொன்பது முறை. அதன் பிறகு தட்டும் ஓசை கேட்கவில்லை.

ஆர்கிரிஸின் மகன் பிறந்து, கொடி அறுத்த பின், மருத்துவச்சி பின்பக்கத்துச் சன்னல் வழியே குதித்து ஓடினார். எதிர்ச்சாரியில் வெர்கிஸ் குடும்பத்தின் சுண்ணாம்புக் கொட்டகை இருந்தது. எவான்தியா அதற்குள் கிடந்தாள். நிகித்தாஸின் மகன் ஏற்கெனவே பிறந்திருந்தான். நீற்றாத சுண்ணாம்பு சிந்திய தரையில் பட்டு அவன் இடது தோள் வெந்திருந்தது.

"தோள்ல இருந்த தழும்பு போர்க்காலத்துக் குண்டுக் காயம்னு பேராசிரியர் புத்தகத்துல எழுதியிருக்கு," என்றேன், நேரடியாகக் கேட்கத் துணிவின்றி.

"அவன் போர்ல எங்க இருந்தான்? அப்ப அவனுக்கு மூணு வயசு," என்றார் ஸ்தமாத்திஸ்.

குழந்தைக்கு எவான்தியா பாட்டனின் பெயரையே இட்டாள். கதவு திறக்கும் என்று நம்பினாள் போலும். எங்கள் ஊரில் பேரனுக்குத் தன் பெயர் இடப்பட்டதைக் கேட்டு மனம் இளகாத கிழவன் இல்லை. அந்தக் கிழவன் இளகவில்லை. ஏற்கெனவே தம் பெயரை ஒருவனுக்குக் கொடுத்தாகிவிட்டது என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்.

இவை அனைத்தையும் மரூசோ 1974இல் தம் மரணப் படுக்கையில் மகனிடம் கூறினார். அதுவரை ஸ்தமாத்திஸ் தம் வாழ்க்கையை எளிமையாகவே வாழ்ந்தவர். பஞ்ச காலத்தில் காட்டுக்கீரை தின்று தப்பியவர். பதினொரு வயதில் சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர். கல்யோப்பியை மணந்து, ஒரு மகளைப் பெற்று, அவளை மெல்பர்னுக்குக் கப்பலேற்றியவர். தீவிலுள்ள எழுபது தேவாலயங்களில் அவர் கை படாத சுவர் இல்லை. சுண்ணாம்பை ஓராண்டு குழியில் ஊறவைத்து, பழைய காலுறையில் வடிகட்டி, ஒரு பிடி உப்பும் ஒரு சிட்டிகை நீலமும் கலந்து அடிப்பார். அவர் அடித்த சுவரில் முதுகைத் தேய்த்தாலும் கோட்டில் ஒட்டாது. தாயின் சொற்களைக் கேட்ட பின் ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டார்: விற்கவிருந்த சுண்ணாம்புக் கொட்டகையை விற்கவில்லை.

1979இல் ஓவியர் ஒரே ஒருமுறை வந்தார். ஸ்தமாத்திஸ் கொட்டகையில் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டிருந்தார். தெருவில் ஒருவர் நின்று, கதவைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததும் அறிந்துகொண்டனர்; அதே மூக்கு. உள்ளே வந்து காபி குடிக்கும்படி ஸ்தமாத்திஸ் அழைத்தார்.

"வேண்டாம்ணே. இங்கேர்ந்தே நல்லாத் தெரியுது," என்றாராம் ஓவியர். இருவரில் மூத்தவர் யார் என்பதே தெரியாதபோதும், உள்ளே பிறந்தவரை அவர் அண்ணன் என்றே விளித்தார். பிறகு கொட்டகைக்குள் போய்ச் சாக்கின்மேல் அரைமணி நேரம் அமர்ந்திருந்துவிட்டுக் கிளம்பினார். வீட்டுக்குள் நுழையவே இல்லை.

"தட்டுனவளுக்குத் திறக்காத வீடு, வாத்தியாரே," என்றார் ஸ்தமாத்திஸ். "அந்த வீட்டுச் சுவத்துல போய் அவன் பொறந்தான்னு எழுதி வச்சிருக்கீங்க. நாற்காலி போட்டு உக்காந்தவனுக்கு மாலை போட்ட மாதிரி இருக்கு. எனக்குக் கல்லு வேண்டாம்னு சொல்லல. எதிர்ல கொண்டுபோய் வைங்க. கொட்டகையும் என்னோடதுதான்."

அவர் வேண்டியது அதுவே, வேறொன்றுமில்லை. தெருவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பன்னிரண்டு அடி. அந்தப் பன்னிரண்டு அடிக்காக நான் மூன்று மனுக்கள் எழுதினேன். முதல் மனுவுக்குப் பதில் இல்லை. இரண்டாம் மனுவுக்கு நகராட்சியின் சட்ட ஆலோசகர் விடையளித்தார்: ஊர்ப் பதிவேட்டின்படி ஸ்தமாத்திஸ் வெர்கிஸ் என்பவர் அந்நாளில் அவ்வீட்டில் பிறந்திருப்பதால், கல்வெட்டு வாசகத்தில் பொய் ஏதுமில்லை. இலக்கணப்படி அவர் கூறியது சரி. மூன்றாம் மனுவுக்கு வந்த விடையில் ஒரு நகல் இணைக்கப்பட்டிருந்தது. வரைவு, அதன் அடியில் என் கையொப்பம்.

இடையில், பலகை உள்ள சுவர் பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றும், அதைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் எவரும் கை வைக்கலாகாது என்றும் அறிவிப்பு ஒட்டப்பட்டது. அதன் விளைவு என்னவெனில், தீவு முழுவதற்கும் வெள்ளையடித்தவரின் சொந்த வீடு, புழுதி மழையின் செந்நிறக் கோடுகளோடு அந்த ஈஸ்டரைக் கழித்தது. ஆண்டு முழுவதும் அப்படியே நின்றது. காபிக்கடையில் கேலி ஓயவில்லை. லெஃப்தெரிஸ் அவருக்குக் காபி வைக்கும்போது, "மேதைக்குச் சர்க்கரை எத்தனை?" என்பார். ஒருவர், இருவரும் பிடித்தது பிரஷ்தானே, யார் யாரென்று கல்லுக்கு எப்படித் தெரியும் என்றார். இறந்தவர்களுக்குப் படைக்கும் வேகவைத்த கோதுமையை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து அவர் முன்னாலேயே வைத்து, உனக்கும் ஒருவாய் என்றாள் ஒருத்தி. அவர் அதையும் உண்டார். அழுக்குச் சுவரைப் பற்றிப் பேசியபோது மட்டும் எழுந்து போய்விட்டார்.

2017 மார்ச்சில் நகராட்சி மற்றொரு தீர்மானம் நிறைவேற்றியது. சுற்றுலாப் பயணியர் கதவைப் படம் எடுக்கத் தெருவில் இடம் போதவில்லை. ஆகையால் எதிரிலுள்ள பாழடைந்த கொட்டகையைக் கையகப்படுத்தி, ஈஸ்டருக்குப் பின் இடிப்பது என்று முடிவாயிற்று. அதாவது, ஓவியர் பிறந்த இடத்தை இடித்துவிட்டு, அங்கே நின்றுகொண்டு, அவர் பிறவாத வீட்டைப் படம் எடுக்கலாம். தீர்மானத்தில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. நான் தேடினேன்.

தீர்மானத்தை ஸ்தமாத்திஸுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். "வாத்தியாரே, 'நிகித்தாஸின்'னு எழுதறப்ப கடைசி எழுத்து இருக்குமா, போயிடுமா?"

எங்கள் மொழியில் அந்த வேற்றுமையில் கடைசி மெய் கெடும் என்றேன். அவர் இருமுறை சொல்லிப் பார்த்து மனத்தில் இருத்திக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்தின் திங்கட்கிழமை காலை, ஊர்ப் பெண்கள் அனைவரும் தத்தம் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது, அவரும் வாளியோடு வெளியே வந்தார். அறிவிப்புத் தாளைக் கிழிக்கவில்லை, அதன்மேலேயே அடித்தார். பிறகு பலகைமேல் அடித்தார். திங்கள் இரண்டு பூச்சு, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. செதுக்கிய எழுத்துகளுக்குள் சுண்ணாம்பு பிரஷின் நுனியால் அழுத்தி நிரப்பப்பட்டது. எவரும் தடுக்கவில்லை, ஈஸ்டருக்கு வெள்ளையடிப்பவனைத் தடுக்க எங்கள் ஊரில் எவருக்கும் நாக்கு எழாது. வியாழக்கிழமை எதிரே போய், கொட்டகைச் சுவருக்கு ஒரு பூச்சு அடித்தார். அது காய்ந்ததும், நீலத்தைக் கெட்டியாகக் குழைத்து, தம் பள்ளிக்கூட எழுத்தில் எழுதினார்: "நிகித்தாஸின் ஸ்தமாத்திஸ் வெர்கிஸ் இங்கே பிறந்தான். 1938. எவான்தியாவுக்கு."

தகப்பன் பெயரின் கடைசி மெய்யைச் சரியாகவே நீக்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை, இயேசுவின் பாடையைச் சுமந்த ஊர்வலம் அத்தெருவில் வந்தது. முன்னால் பாதிரியாரோடு மேயர் நடந்தார். சென்ற ஆண்டைப்போலப் பலகை முன் சற்று நிற்க எண்ணித் திரும்பியவர், வெறும் வெள்ளைச் சுவரைக் கண்டார். பின்னால் மெழுகுத்திரியோடு வந்த ஊர் முழுவதும் எதிர்ச்சுவரின் நீல எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தது. கரையோரக் குடிசைகளில் பிறந்து இன்று எழுபது வயதைத் தாண்டிய இரு பெண்கள் கொட்டகை முன் நின்று சிலுவைக்குறி இட்டனர். அவர்களைத் தொடர்ந்து வேறு சிலர். மேயர் நிற்காமல் நடந்தார். ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை நகராட்சியின் புகார் காவல்நிலையத்தில் பதிவாயிற்று: ஒரு மாபெரும் ஓவியரின் பெயரை வேண்டுமென்றே அழித்தது.

வழக்கு அக்டோபர் மாதம் தீவின் தலைநகரில் நடந்தது. முடிவை முன்னதாகவே கூறிவிடுகிறேன். ஒளித்துவைத்து வாசகரைக் காக்கவைப்பது என் வழக்கமன்று. ஸ்தமாத்திஸ் விடுவிக்கப்பட்டார். தொல்பொருள் அலுவலர் வந்து பார்த்து அறிக்கை தரும்வரை கொட்டகையை இடிக்கக்கூடாது என்று ஆணை பிறந்தது. அலுவலர் இன்னும் வரவில்லை; அவர் வராதவரை கொட்டகை நிற்கும். பலகை அதே இடத்தில், சுண்ணாம்புக்கு அடியில் இருக்கிறது. ஒவ்வோர் ஈஸ்டருக்கும் அதன்மேல் இரண்டு பூச்சு ஏறுகிறது. நான் சாட்சிக் கூண்டில் ஏறி, விடுபட்ட ஆறாம் வேற்றுமையைப் பற்றி இருபது நிமிடங்கள் பேசினேன். நகராட்சி வழக்கறிஞர் கொட்டாவி விட்டார். என் இருபது நிமிடங்கள் செய்யாததை ஸ்தமாத்திஸின் ஒரு விடை செய்தது.

நீதிபதி நாற்பது வயதுள்ள பெண்மணி. பலகையின் புகைப்படத்தை நெடுநேரம் பார்த்தார். ஊர்ப் பதிவேட்டைப் பார்த்தார். நகராட்சியின் சொந்தக் கடிதத்தில், வாசகத்தில் பொய் இல்லை என்ற வரியைத் தம் பேனாவால் கோடிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"பெரியவரே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. யார் பேர் மேல சுண்ணாம்பு அடிச்சீங்க?"

"என் பேர் மேல," என்றார் ஸ்தமாத்திஸ்.